நம்ம ஊர் ரயில் மாதிரிதான்



தாய்லாந்தில் ரயிலுக்குப் பெயர் 'ரோட் ஃபாய்'. ஃபாய் என்றால் நெருப்பு. ரோட் என்பது நமக்கு அந்நியமான சொல் அல்ல; வடமொழி 'ரதம்' அங்கே போய் வாலைத் தொலைத்துவிட்டு அப்படி நிற்கிறது. ஆக, நெருப்பு ரதம். எல்லை தாண்டி மலேசியாவுக்குள் போனால் அதுவே 'கெரெத்தா ஆப்பி'. அதற்கும் நெருப்பு வண்டி என்றுதான் பொருள். மலையாளிகள் தீவண்டி என்பார்கள், இலங்கைத் தமிழர் புகையிரதம் என்பார்கள். நீராவி என்ஜினை முதன்முதலில் பார்த்து மிரண்டவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், கண்ணில் பட்டது நெருப்பும் புகையும்தான்.

பெயரில் தொடங்கும் இந்தச் சாயல் வண்டிக்குள்ளும் தொடர்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது. பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் போகும் ஒரு தமிழரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். மதுரைக்காரர், ஐம்பது வயது தாண்டியவர், பாண்டியனிலும் வைகையிலும் பாதி ஆயுளைக் கழித்தவர். வெளிநாட்டில் ரயில் ஏறுவது இதுவே முதல் தடவை. ஜப்பானின் அதிவேக ரயிலில் ஏறியிருந்தால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்திருப்பார். இங்கே அப்படி இல்லை. பெர்த், திரைச்சீலை, சிவப்பு பச்சைக் கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டர், வண்டி கிளம்பும்போது அடிக்கும் பித்தளை மணி என்று எல்லாம் தெரிந்த முகங்கள். "அட, நம்ம ஊர் ரயில் மாதிரிதான் இருக்கு" என்று சாய்ந்து உட்கார்கிறார். அவர் கோட்டை விடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டு ரயில் என்பதே தமிழருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறி, பாம்பன் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் இலங்கை ரயிலில் கொழும்பு சேர்ந்த தலைமுறை ஒன்று இருந்தது. பாம்பன் பாலம் திறந்த 1914 முதல் அந்த ஏற்பாடு. ரயில், கப்பல், மறுபடி ரயில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனதோடு அந்த வழி முடிந்தது. தாத்தாவுக்கு ஒரு சீட்டில் முடிந்த காரியம், பாங்காக்–கோலாலம்பூர் வழியில் பேரனுக்கு இன்று முடியாது. தாய்லாந்து ரயில்வேயில் ஒரு சீட்டு, மலேசியாவின் கேடிஎம் நிறுவனத்தில் இன்னொரு சீட்டு. ஒன்று தாமதமானால் மற்றொன்றுக்கு அக்கறை கிடையாது.

சீட்டு எடுக்கும்போதே முதல் இடறல். நம் மதுரைக்காரருக்கு வெயிட்டிங் லிஸ்ட் ரத்தத்தில் ஊறியது. இடம் இல்லையென்றாலும் சீட்டு வாங்கி வைப்போம், கடைசி நாளில் 'கன்பர்ம்' ஆகும், ஆகாவிட்டால் ஆர்ஏசி, அதுவும் போனால் தட்கல். தாய்லாந்துப் படுக்கை வண்டியில் இந்தப் படிக்கட்டுகள் எதுவும் இல்லை. பெர்த் இருந்தால் சீட்டு, இல்லையென்றால் வேறு நாள் பார்க்க வேண்டியதுதான். கீழ் பெர்த்துக்கும் மேல் பெர்த்துக்கும் நம் நாட்டில் ஒரே கட்டணம். அங்கே கீழ் பெர்த் அகலம், விலையும் சற்றுக் கூட. காசு கொடுத்துக் கீழே இடம் பிடித்தவரிடம் போய், "சார், கொஞ்சம் மாத்திக்கலாமா? எனக்கு முட்டி வலி" என்று நம்மவர் கேட்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது இடறல் ஆண்டுக் கணக்கு. தாய்லாந்தில் புழங்குவது பௌத்த ஆண்டு. நம் 2025 அவர்களுக்கு 2568. உள்ளூர் மொழி அறிவிப்புகளிலும் ஆவணங்களிலும் இதுதான் இருக்கும். 543-ஐக் கழித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். (உள்ளூர் மொழி என்று சுற்றி வளைப்பதற்குக் காரணம் உண்டு. 'தாய் மொழி' என்று எழுதினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடுகிறது.)

மூன்றாவது, நிலையம். பாங்காக்கின் பழைய ரயில் நிலையம் ஹுவா லம்போங், 1916-இல் திறந்தது. அரைவட்டக் கூரை, வண்ணக் கண்ணாடி, பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பயண நூல்களிலும் பழைய படங்களிலும் பாங்காக் ரயில் என்றால் அந்த நிலையம்தான். ஆனால் 2023 ஜனவரி 19 முதல் தெற்கு, வடக்கு, வடகிழக்கு நெடுந்தூர வண்டிகள் பெரும்பாலும் குருங் தேப் அபிவத் என்ற புது நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய நிலையத்தை மூடவில்லை; உள்ளூர் வண்டிகள் சில அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அங்கே போய் நிற்பவருக்கு உடனே உறைக்காததற்கு அதுவே காரணம். எழும்பூரா சென்ட்ரலா என்று குழம்பி ஆட்டோவில் பறந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புது நிலையம் ரயில் நிலையமா விமான நிலையமா என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது. நடைமேடைக்கு நினைத்தபோது போக முடியாது. கீழே கூடத்தில் காத்திருந்து, வண்டி கிளம்பச் சிறிது நேரம் இருக்கும்போதுதான் மேலே விடுவார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி "போனதும் போன் பண்ணு" என்று சொல்ல இங்கே வழியில்லை. ஜன்னலுக்குக் கம்பியும் இல்லை.

இன்னொன்று. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தாய்லாந்து ரயில் நிலையங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும். நடப்பவர் நடந்த இடத்தில் நிற்பார், உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும் முதல்முறைப் பயணி, தன்னைச் சுற்றி நிலையமே ஏன் சிலையாகிவிட்டது என்று புரியாமல் தான் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார். நிற்க வேண்டும்.

வண்டிக்குள் வருவோம். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கைப் பெட்டியில் நடுவே நடைபாதை, இரு பக்கமும் பாதையை ஒட்டி நீளவாக்கில் பெர்த்துகள். நம் கணக்கில் சொன்னால் பெட்டி முழுக்க சைடு லோயரும் சைடு அப்பரும்தான்! நம் ஊரில் யாரும் விரும்பாத இடம், அங்கே எல்லாருக்கும் அதுதான். ஆனால் கால் இடிக்கும் நம் சைடு லோயர் அல்ல அது. பகலில் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். இரவானதும் பணியாளர் வந்து, இருக்கைகளை இழுத்துச் சேர்த்து, மேல் பெர்த்தைச் சாவி போட்டுத் திறந்து இறக்கி, மெத்தை விரித்து, வெள்ளைத் துணி போர்த்தி, திரையையும் மாட்டிவிட்டுப் போவார். இரண்டு மூன்று நிமிட வேலை. நம்மவர் பழக்கதோஷத்தில் தானே எழுந்து பெர்த்தை இழுத்துப் பார்க்கிறார். அது அசையாது. பணியாளர் சிரித்துக்கொண்டே அவரை ஒதுக்கி நிறுத்துவார். மேல் பெர்த்தில் ஜன்னல் இல்லை; ஏசி குளிரோ தாராளம். ஒரு போர்வை கூடக் கொண்டுபோவது நல்லது. மது கொண்டுபோவது மட்டும் வேண்டாம். ரயிலிலும் நிலையத்திலும் 2014 முதல் அதற்குத் தடை.

சாப்பாடு சைவர்களுக்குக் கொஞ்சம் சோதனை. 'நாம் பிளா' என்ற மீன் சாறு, கறி இல்லாத பண்டத்திலும் உப்புக்குப் பதிலாக விழுந்திருக்கும். சைவம் என்பதற்கு அவர்கள் சொல் 'மங்சவிரத்'. காதில் விழுந்ததும் தெரிந்திருக்கும், வடமொழி 'மாம்ச விரதி', அதாவது மாம்சத்தை விலக்குதல். அதைவிடக் கறாரான சைவத்துக்கு 'ஜே' என்று பெயர். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை என்றால் நம்பிச் சாப்பிடலாம். வெங்காயம் பூண்டு கூட இருக்காது. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகிற பழக்கம் பாங்காக் வரை விமானத்தில் தாங்காது என்பதால், இந்த இரண்டு சொற்களையாவது கட்டிக்கொண்டு போகலாம்.

பாங்காக்கை விட்டு மேற்கே வந்து, நகோன் பாத்தோமின் பெரிய பொன்னிறத் தூபியைக் கடந்த சிறிது நேரத்தில் நோங் பிளாடுக் என்ற சந்திப்பு வரும். பெரிய ஊர் இல்லை. ஜன்னல் பக்கம் இருப்பவரும் கவனிக்காமல் கடந்துவிடுவார். தண்டவாளம் அங்கே வடமேற்காக ஒரு கிளை பிரிகிறது. தமிழர் அந்த இடத்தை அப்படிக் கடந்து போகக் கூடாது.

அந்தக் கிளைதான் சயாம் மரண ரயில்; சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழி வேண்டும் என்று ஜப்பான், நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கி.மீ. பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. மலை, காடு, மழை, காலரா. கட்டியவர்களில் 60,000-க்கும் அதிகமானோர் நேச நாட்டுப் போர்க் கைதிகள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகம் சினிமா எடுத்தது அவர்களைப் பற்றி. அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் சரக்கு ரயிலிலும் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட தமிழர். நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனது பாதி, பிடித்துக் கொண்டுபோனது பாதி. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், கணக்கு இல்லை. கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பெயரை ஒளித்து மறைத்தாவது எழுதி வைத்தார்கள். அதனால் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. தோட்டத் தமிழனுக்குப் பெயர் எழுத அங்கே ஆள் இல்லை.

எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டு நாவல்களும் இந்தக் கதையைத் தமிழில் சொல்பவை. இந்த ரயிலில் ஏறுமுன் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு ஏறுவது, ஊர் சுற்றும் கையேடு நாலைப் படிப்பதைவிட மேல் என்பது இந்தப் பேச்சாளரின் பிடிவாதமான கருத்து.

இருட்டிய பிறகு ஹுவா ஹின், சும்போன், சூரத் தானி. தண்டவாளம் தெற்கே மலாய்த் தீபகற்பத்தின் ஒடுங்கிய கழுத்தில் இறங்குகிறது. நம்மவர் திரையை மூடிக்கொண்டு படுத்த பிறகு, ஒரு தாளம் அவரைத் தூங்கவிடாமல் செய்யலாம். எங்கோ கேட்ட ஆட்டம். அந்தக் காலத்து எழும்பூர்–தூத்துக்குடி வண்டி ஆடிய அதே ஆட்டம். இது மீட்டர் கேஜ்.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலைத் தவிர மற்ற மீட்டர் கேஜ் பாதைகள் அகலப் பாதைகளாகிவிட்டன. தாய்லாந்திலும் மலேசியாவிலும் அதுதான் முதன்மைப் பாதை. இதன் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வடக்கே போன சயாமின் முதல் பாதைகள் இன்னும் அகலமான 1,435 மி.மீ. அளவில் போடப்பட்டவை. மலாயாவில் பிரிட்டிஷார் போட்டது மீட்டர் கேஜ். 1909 உடன்படிக்கையில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் மீதான உரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. தெற்கே ரயில் போட 40 லட்சம் பவுண்டு கடன் கிடைத்தது. தெற்குப் பாதை மலாயாவின் அகலத்திலேயே வளர்ந்து 1918-இல் எல்லையைத் தொட்டது. பிறகு வடக்குப் பாதையையும் அதற்கு ஏற்றாற்போல் குறுக்கிவிட்டார்கள். நாடு முழுக்க ஒரே அகலம் ஆயிற்று.

இந்தியாவில் மீட்டர் கேஜ் சுருங்கிய காலத்தில், வேலை குறைந்துபோன ஒய்டிஎம்-4 டீசல் என்ஜின்கள் சில மலேசியாவுக்கு வாடகைக்குப் போய் அங்கே சரக்கு இழுத்தன. நம் பயணி இளவயதில் பார்த்த என்ஜின் ஒன்று அவருக்கு முன்பே இந்த ஊரைப் பார்த்திருக்கலாம்.

விடிந்தால் ஹட் யாய். பெட்டிக்குள் வறுத்த கோழி மணக்கும். பொரித்த சின்ன வெங்காயம் தூவிய அந்தக் கோழிக்குத் தாய்லாந்து முழுக்கப் பெயர். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது கோழியை அல்ல, பெட்டி எண்ணை. பாங்காக்கிலிருந்து ஒன்றாக வந்த வண்டி இங்கே இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி கிழக்கே சுங்கை கோலோக் போகும். சில பெட்டிகள் மட்டும் பாடாங் பெசார் எல்லைக்கு. இரவு வேறு பெட்டியில் பேச்சுத் துணைக்கு உட்கார்ந்து அங்கேயே அசந்துவிட்டவர் வேறு எல்லைக்குப் போய்ச் சேர்வார். ஒரே வண்டியில் ஏறி, பாதி வழியில் பெட்டி பிரிந்து வேறு ஊர் போகும் 'லிங்க்' வண்டிகளை அறிந்த தலைமுறைக்கு இது நினைவிருக்கும். இளையவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பாடாங் பெசார் என்ற பெயரில் நிலையம் இரண்டு. முதலில் வருவது தாய்லாந்து பக்கத்துச் சின்ன நிலையம். அங்கே இறங்கக் கூடாது. அடுத்தது மலேசிய மண்ணில் இருக்கும் பெரிய நிலையம். இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் இந்த ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மேசையில் தாய்லாந்தை விட்டு வெளியேறி, சில அடி தள்ளி இன்னொரு மேசையில் மலேசியாவுக்குள் நுழையலாம். மூட்டை முடிச்சு அத்தனையும் கையோடு வர வேண்டும். மலேசிய வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்பியிருக்க வேண்டும். அந்த வரிசையில் நின்றுகொண்டு செல்போனில் சிக்னல் தேடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இந்தக் கட்டடத்தில்தான் நம்மவர் ஒரு மணி நேரத்தைப் பறிகொடுக்கிறார். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. முன்பு தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணிதான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் இன்னும் அரை மணி தள்ளி வைத்தார்கள். அதனால் இங்கே காலை 7 மணிக்கும் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. தாய்லாந்து வண்டியின் சீட்டில் தாய்லாந்து நேரம். அதே நடைமேடையிலிருந்து கிளம்பும் மலேசிய வண்டியின் சீட்டில் மலேசிய நேரம். எட்டரைக்கு வந்து இறங்கி, பத்து மணி வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாக வரிசையில் நிற்பவருக்கு உண்மையில் இருப்பது அரை மணி. இந்தியாவுக்குள் மூவாயிரம் கிலோமீட்டர் போனாலும் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் இங்கே காலை வாருகிறது.

மலேசிய வண்டி இடிஎஸ், மின்சார ரயில். படுக்கை கிடையாது, உட்கார்ந்தபடி கோலாலம்பூருக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. மணிக்கு 140 கி.மீ. வரை போகிறது, அதுவும் மீட்டர் கேஜில். மீட்டர் கேஜ் என்றாலே ஆமை என்று நினைத்திருந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கி.மீ. பாதையை 2014 வாக்கில் இரட்டைப் பாதையாக்கி மின்மயம் செய்தார்கள். புக்கிட் மேரா ஏரியின் மேல் பாலத்தில் வண்டி தண்ணீரைக் கிழிப்பதுபோல் போகும். பாம்பன் நினைவு வராத தமிழர் இருக்க முடியாது. தொடர்ந்து தைப்பிங்.

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885 ஜூன் 1 அன்று ஓடியதுதான் மலாயாவின் முதல் ரயில். சுமார் 13 கி.மீ., வெள்ளீயம் ஏற்றிப் போக. அதைப் போடும் வேலைக்கு ஆட்கள் இலங்கையிலிருந்து வந்தார்கள். பிறகு ரயில்வே வளர வளர யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாக, நில அளவையாளர்களாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாக வந்து சேர்ந்தார்கள். தண்டவாளம் போட்டு, ஜல்லி அடித்துப் பாதையைப் பராமரித்தவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். நாற்காலியிலும் தமிழன், கடப்பாரை பிடித்ததிலும் தமிழன். இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்களா என்பது வேறு கதை.

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் நிற்பது பிரிக்ஃபீல்ட்ஸில், பழைய ரயில்வே பணிமனை இருந்த நிலத்தில். 2001-இல் திறந்தது. வெளியே வந்து தெருவைக் கடந்தால் மல்லிகைச் சரம், வாழையிலைச் சாப்பாடு, தமிழ்ப் பாட்டு. சுற்றுலாக்காரர்கள் இதைக் 'குட்டி இந்தியா' என்று படம் எடுக்கிறார்கள். ரயில்வேக் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசாமி கோவிலை எழுப்பியவர்கள் யாழ்ப்பாணத் தமிழர். அவர்களில் பலருக்குச் சம்பளம் ரயில்வேயிலிருந்து வந்தது.

நாலு நாள் கழித்து நம் மதுரைக்காரர் அதே வழியில் திரும்புகிறார். இந்த முறை தயாராக இருக்கிறார்: பெட்டி எண்ணைக் கையில் எழுதி வைத்திருக்கிறார், கடிகாரத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார், ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே பாடாங் பெசார் வந்துவிட்டார். ஆனால் திரும்பும்போது கணக்கு தலைகீழ். கையில் கட்டியிருப்பது மலேசிய நேரம், வண்டிச் சீட்டில் இருப்பது தாய்லாந்து நேரம். இரண்டு மணி நேரம் மூன்றாகிவிட்டது. மாடியில் இருக்கும் சின்ன உணவுக்கடையில் ஒரு தே தாரிக் டீ சொல்லிவிட்டு உட்கார்கிறார். கீழே நடைமேடையில் தாய்லாந்து வண்டி இன்னும் வரவில்லை.